மலையில் எடுத்த படம் எங்கே கெட்டது: நீலகிரி, ஆனைமலைப் படங்களுக்கு அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். இடையில் 50 கிலோமீட்டர்தான். 1,000 மீட்டர் ஏறினால் 6 முதல் 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கேமராவைச் சுற்றியுள்ள காற்று 12 டிகிரி குளிர்ந்துவிடுகிறது. ஈரமும் வெளிச்சமும் அதே வேகத்தில் மாறுகின்றன. மலையில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கேமராக் கோளாறு அல்ல. குளிர், ஈரம், நேரம் என்ற மூன்றில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டதுதான். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் மலை என்ன செய்கிறது என்று பாருங்கள், செட்டிங்ஸுக்கு அப்புறம் வாருங்கள்.

பருவக் கணக்கு ஒன்று மனதில் இருக்கட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும்: கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி, அப்பர் பவானி, ஆனைமலைப் பக்கம் சின்னக்கல்லார். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் குன்னூரும் கோத்தகிரியும் மழைமறைவாக இருக்கும். அவற்றின் மழை அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வறட்சியும் புகைமூட்டமும், ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை. ‘ஊட்டியில் மழையாம்’ என்ற செய்தியை மட்டும் நம்பிக் கோத்தகிரிப் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

வெளியே மூடுபனியே இல்லை, படம் முழுக்க வெள்ளைப் படலம்

கண்ணாடியில் நீர் படிந்திருக்கிறது. எந்தக் கண்ணாடியில் என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை. சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் முன்கண்ணாடியில் ஒரே ஓர் இழுப்பு இழுங்கள். படலம் போய் சில நொடிகளில் திரும்பி வந்தால், கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருக்கிறது, வெளிப்பக்கம்தான் பிரச்சினை. இழுத்தும் எதுவும் மாறவில்லை என்றால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டிய ஈரம் பலரை ஏமாற்றுகிறது. அதுவும் இல்லையென்றால் டார்ச்சைச் சாய்வாக அடித்து லென்ஸின் உள்ளே பாருங்கள். வியூஃபைண்டரில் மட்டும் மங்கல், பின்திரையில் படம் தெளிவு என்றால் அது உங்கள் மூச்சு, லென்ஸைத் தொட வேண்டாம்.

காரணம் எளிது. குளிர்ந்த கண்ணாடி, அதைவிட வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் நீர் படியும். ஊட்டியில் குளிர்ந்த அறையில் இரவெல்லாம் இருந்த கேமராவோடு, கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி மசினகுடியில் பையைத் திறந்தால் இதுதான் நடக்கும். ஏசி போட்ட காரிலிருந்து இறங்கினாலும் இதே கதைதான். உறைபனிக் காலையில் வெளியே சுற்றிவிட்டு, ஹீட்டர் ஓடும் அறைக்குள் நுழைந்து ‘எடுத்ததைப் பார்ப்போம்’ என்று உடனே பையைத் திறப்பதும் அப்படியே.

வராமல் தடுக்க: குளிரான இடத்தில் இருக்கும்போதே கேமராவை லென்ஸோடு சேர்த்து ஜிப் லாக் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். கூடவே 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. வெதுவெதுப்பான இடத்துக்கு வந்த பிறகு 30 முதல் 60 நிமிடம் திறக்காதீர்கள். பெரிய டெலி லென்ஸ் என்றால் ஒரு மணி நேரம் கட்டாயம், அதன் கண்ணாடியும் உலோகமும் மெதுவாகத்தான் சூடேறும். நீர் பையின் வெளிப்பக்கம் படியும், கண்ணாடியில் படியாது. பையின் மேல் ஈரம் காய்ந்திருப்பதுதான் திறக்கலாம் என்பதற்கான அடையாளம். காரில் போகிறவர்கள் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பே ஏசியை நிறுத்திக் கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே படிந்துவிட்டால் திரும்பத் திரும்பத் துடைக்காதீர்கள், கோட்டிங்கில் கீறல்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் லென்ஸைக் கழற்றவே கூடாது, கழற்றினால் ஈரக்காற்று சென்சார் வரை போய்விடும். ஹூடையும் ஃபில்டரையும் எடுத்துவிட்டு, நிழலில் காற்றோட்டமாக 15, 20 நிமிடம் வையுங்கள். ஹேர் டிரையரும் கார் ஹீட்டரும் வேண்டாம்.

ஈரம் லென்ஸின் உள்ளே இருந்தால் பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அரிசி ஈரத்தை இழுப்பது குறைவு, அதன் மாவுத்தூள் ஜூம் வளையத்துக்குள் போவது நிச்சயம்.

இந்த ஈரம் மறந்துபோனால் அடுத்து வருவது பூஞ்சை. மழைக்காலப் பயணம் முடிந்து லென்ஸை அப்படியே லெதர் பையில் வைத்து மூடிவிட்டு, இரண்டு மாதம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடியின் ஓரத்திலிருந்து சிலந்தி இழை போல ஒன்று உள்நோக்கிப் படர்ந்திருக்கும். ஆரம்பத்தில் சர்வீஸில் கொடுத்தால் தடயமின்றித் துடைத்துவிடலாம். விட்டால் கோட்டிங்கையே அரித்துவிடும், அதன்பின் துடைத்தாலும் வடு நிற்கும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருக்க வேண்டும், சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே போட்டுவைத்தால் தெரியும். ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் பச்சையாக மாறினால் அது நிரம்பிவிட்டது. 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் அவனில் காயவைத்தால் மறுபடி பயன்படும்.

மூடுபனிப் படம் அழுக்குச் சாம்பலாக வருகிறது

கண்ணில் பால்போல் தெரிந்தது, படத்தில் சாம்பல் கரைத்த தண்ணீராக இருக்கிறது. கேமராவின் மீட்டர் எதிரே இருப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாகவே ஆக்கப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க வெண்மை இருந்தால் அதையும் இருட்டாக்கிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது மீட்டர் கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +0.7 முதல் +1.3 வரை ஏற்றுங்கள். இருட்டு இடப்பக்கமும் வெளிச்சம் வலப்பக்கமுமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு நடுவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும், வலது சுவரைத் தொடக் கூடாது.

ஏற்றிய பிறகும் உயிரில்லையென்றால் குறை வேறு: படத்தில் கறுப்பே இல்லை. மூடுபனிக்கு ஆழம் கொடுப்பது அருகில் இருக்கும் கருமையான ஒரு பொருள்தான். 10, 15 மீட்டரில் ஒரு சில்வர் ஓக் அடிமரம், 30 மீட்டரில் அடுத்தது, 60 மீட்டரில் மங்கிப்போன மூன்றாவது என்று அடுக்காக இருந்தால் படம் தானாக அமையும். எல்லாமே 100 மீட்டருக்கு அப்பால் என்றால் எந்த செட்டிங்கும் உதவாது, வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட மரங்கள் இடைவெளி விட்டு நிற்பதால் இந்த அடுக்கு எளிதாகக் கிடைக்கும். தோட்டங்கள் தனியார் நிலம், உள்ளே கால் வைக்கும்முன் கேட்டுவிடுங்கள். லென்ஸ் 70 முதல் 200 மி.மீ. வரை சரி. அகலக் கோண லென்ஸ் அடுக்குகளைச் சிதறடித்துவிடும்.

எடிட்டிங்கில் டீஹேஸ் ஸ்லைடரை இழுத்து மூடுபனியையே துடைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பத்துக்கு மேல் போகவே வேண்டாம். அடிமரத்தின் கருமையை மட்டும் பிளாக்ஸ் ஸ்லைடரில் கொஞ்சம் ஆழப்படுத்துங்கள், வெண்மை வெண்மையாகவே இருக்கட்டும்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருந்தால், பல புள்ளி ஃபோகஸை விட்டு ஒற்றைப் புள்ளிக்கு வந்து, மரத்தின் நடுவில் அல்ல, மரமும் வெண்மையும் சந்திக்கும் ஓரத்தில் வையுங்கள். அதுவும் பிடிக்கவில்லை என்றால் மேனுவலுக்கு மாறித் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிளாஷ் அடிக்காதீர்கள், எதிரே மிதக்கும் துளிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் திரும்பி வரும்.

போய்ச் சேர்ந்தபோது பனியே இல்லை என்றால் நேரத்தைத் தவறவிட்டீர்கள். மழை விட்ட மறுநாள் விடியலில் மேகம் பள்ளத்தாக்கில் படுத்திருக்கும், மேலிருந்து பார்த்தால் கடல். கீழ்ச்சமவெளி சூடேறச் சூடேற அது சரிவில் ஏறும். குன்னூர் மலைப்பாதையில் முற்பகலுக்கு மேல் மரங்களுக்குள் நுழைவது இப்படித்தான். மேகக்கடல் வேண்டுமானால் விடியலுக்கு முன் உயரமான இடம், மரத்துக்குள் பனி வேண்டுமானால் முற்பகலில் சரிவு. ஜூலையில் பைக்காரா, நடுவட்டம் பக்கம் இந்தக் கணக்கே தேவையில்லை, நாள் முழுக்க இருக்கும். கொண்டை ஊசி வளைவில் நின்று எடுக்க மட்டும் கூடாது, வருகிற பஸ்ஸின் டிரைவருக்கு உங்களைத் தெரியாது.

உறைபனி தேடிப் போனால் வெறும் புல்

செல்போனில் ‘குறைந்தபட்சம் 4 டிகிரி’ என்று இருந்ததால் ‘உறைபனி வராது’ என்று தூங்கிவிடுவது ஒரு தவறு. ‘மலை உச்சிதான் குளிரும்’ என்று தொட்டபெட்டாவுக்குப் போவது இன்னொரு தவறு. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும். தெளிவான இரவில் புல்மட்டம் அதைவிட 3, 4 டிகிரி கூடுதலாகக் குளிரும். அதனால் 4 டிகிரி அறிவிப்பிலும் புல்லில் உறைபனி விழலாம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர்போல் சரிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே போக வேண்டிய இடம் உச்சி அல்ல, தாழ்வான புல்வெளி: தலைகுந்தா, காந்தல், ரேஸ்கோர்ஸ் மைதானம், பொட்டானிக்கல் கார்டன் புல்தரை, அவலாஞ்சிப் பள்ளங்கள்.

முந்தைய இரவு 9 மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் கூர்மையாகத் தெரிகிறது, காற்று அசையவில்லை, இந்த இரண்டும் இருந்தால் அலாரம் வையுங்கள். மேகம் மூடியிருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம், மேகம் போர்வை மாதிரி தரைச்சூட்டைப் பிடித்து வைத்துவிடும். நவம்பரில் புல்லில் காண்பது பெரும்பாலும் நீர்ப்பனிதான். அது உறைந்து வெண்மையாக டிசம்பர் நடுவாகிவிடும்.

ஜனவரியில் ஊட்டியில் சூரியன் எழ ஏறத்தாழ 6.45 ஆகும். 6 மணிக்கு இடத்தில் இருங்கள். வெயில் நேராக விழுந்த பிறகு அரை மணி நேரத்தில் பெரும்பாலும் கரைந்துபோகும். முதல் பத்து நிமிடம்தான் பொன் வெளிச்சமும் வெள்ளைப் புல்லும் சேர்ந்து கிடைக்கும். கிழக்கே மேடோ மரவரிசையோ இருக்கும் பள்ளத்தில் வெயில் தாமதமாக வரும், அங்கே நேரம் கூடுதல்.

உறைபனி படத்தில் சாம்பல் புல்லாகத் தெரிகிறது, அல்லது முழுக்க நீலம்

சாம்பல் என்றால் மூடுபனிக்குச் சொன்னதே இதற்கும், +1 ஏற்றுங்கள். நீலம் என்றால் வெயில் படும் முன் புல்லின் மேல் விழுவது நீல வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். ஒயிட் பேலன்ஸை 6500 கெல்வினுக்கு மேலே கொண்டுபோனால் நடுநிலை வரும். ஆனால் முழுவதும் நீக்கினால் குளிரே போய்விடும். 5500 ஐ ஒட்டி நிறுத்தி லேசான நீலத்தை விட்டுவைப்பதே நல்லது. பின்பக்கம் வெயில் பட்ட குன்று சட்டத்தில் இருந்தால் பொன்னும் நீலமும் சேர்ந்து நிற்கும், அதுதான் இந்த மலையின் ஜனவரி.

கிட்டத்தில் எடுப்பவர்களுக்குத் தனிக் குறை ஒன்று வரும்: முதல் படத்தில் இருந்த பனி ஊசிகள் மூன்றாவது படத்தில் உருண்டு நீர்முத்தாகிவிடும். வெயில் இன்னும் வந்திருக்காது, உருக்கியது உங்கள் மூச்சு. இலையின் விளிம்பில் நிற்கும் பனி ஊசிகள் இரண்டு மூன்று மி.மீ. உயரம்தான், முன்னால் குனிந்து ஒரு முறை மூச்சு விட்டால் போதும். மஃப்ளரால் வாயை மூடிக்கொள்ளுங்கள், ஷட்டர் அழுத்தும்வரை மூச்சை அடக்கித் தலையைத் திருப்பி விடுங்கள். 90 முதல் 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் இருந்தால் முகம் தள்ளியே இருக்கும். அப்பர்ச்சர் எஃப்/8 முதல் எஃப்/11, ட்ரைபாட், 2 நொடி டைமர். கேமராவின் பின்பக்கத்தை இலையின் பரப்புக்கு இணையாக வைத்தால்தான் எல்லா ஊசியும் கூர்மையாக வரும். அகலமான காட்சியை முதலில் எடுத்து முடித்துவிட்டு அப்புறம் உள்ளே நடங்கள். உறைந்த புல்லில் மிதித்த கால்தடம் அன்று காலை மறையாது, உங்களுக்கும் அடுத்து வருபவருக்கும் அந்த மைதானம் அவ்வளவுதான்.

பூங்காவில் செடிகளை மிலார் என்ற செடியின் கிளைகளைக் கொண்டு மூடி வைத்திருப்பார்கள். படத்துக்காக அதை விலக்காதீர்கள், ஒரு இரவு போதும், செடி கருகிவிடும்.

பேட்டரி 60 சதவீதம் காட்டியது, திடீரென்று அணைந்தது

செத்துவிடவில்லை, குளிர்ந்துவிட்டது. லித்தியம் அயான் பேட்டரிக்குள் வேதிவினை குளிரில் மெதுவாகும், மின்னழுத்தம் சரிந்ததும் கேமரா ‘தீர்ந்தது’ என்று முடிவு செய்துவிடும். எடுத்து உள்சட்டைப் பையில் 15 நிமிடம் வைத்தால் மீதியைத் தரும். உதிரி இரண்டையும் அதே இடத்தில் வைத்துச் சுழற்றுங்கள். சில்லறைக் காசோடு சேர்த்து வைக்காதீர்கள், முனைகள் ஷார்ட் ஆகும்.

மழை பெய்தது, படத்தில் மழையே இல்லை

வெளிறிய வானத்துக்கு எதிரே மழை தெரியாது. பின்னால் இருண்ட சோலை, பக்கவாட்டிலோ எதிரிலோ வெளிச்சம், இரண்டும் வேண்டும். ஷட்டர் 1/60 முதல் 1/125 வரை வைத்தால் கோடுகளாக வரும், 1/1000 வைத்தால் துளிகளாக நிற்கும். கோடுகளே மழை என்று கண்ணுக்குப் படும்.

லென்ஸில் துளி விழுந்துகொண்டே இருந்தால் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், ஹூடை மாட்டுங்கள், எடுக்காத நேரத்தில் லென்ஸைத் தரை நோக்கிக் கவிழ்த்துப் பிடியுங்கள். துணி நான்கு வேண்டும், காய்ந்தது ஒரு பையிலும் நனைந்தது இன்னொன்றிலுமாக. வெதர் சீல் செய்த கேமரா என்றாலும் ஜூம் லென்ஸை நீட்டி மடக்கும்போது அது காற்றை உள்ளிழுக்கும், காற்றோடு ஈரமும் போகும். கொட்டும் மழையில் ஒரே குவியத்தூரத்தில் வைத்து எடுங்கள். கேமராவுக்கு மளிகைக்கடைக் கவரை மாட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பாதீர்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு, சோதனைச்சாவடியில் பறிமுதல் ஆகும். துணிபோன்ற ரெயின் கவரையே வாங்கிவையுங்கள்.

அட்டைக்கு முழங்கால் வரை அட்டை சாக்ஸ். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தால் பக்கவாட்டில் நெருடி எடுங்கள்.

அருவி பழுப்பாக வருகிறதே என்பதற்கு செட்டிங் தீர்வு கிடையாது. அது வெள்ளத்தில் வந்த மண். மழை விட்டு ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் போனால் தெளிந்திருக்கும், நீரளவும் இருக்கும். போலரைசர் ஃபில்டர் மாட்டி 1/2 முதல் 1 நொடி வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் நீர் பஞ்சாகிவிடும்.

கருமந்தியின் முகமே தெரியவில்லை, சோலைமந்தியின் பிடரி வெளுத்துவிட்டது

நீலகிரிக் கருமந்தியின் உடல் பளபளக்கும் கறுப்பு, தலை மட்டும் பொன்பழுப்பு. அது உச்சிக்கிளையில் உட்கார்ந்தால் பின்னால் வானம். மீட்டர் வானத்தைப் பார்த்து, மந்தியை நிழலுருவாக்கிவிடும். +1.3 முதல் +2 வரை ஏற்றினால் முகம் வரும், வானம் வெளுக்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். நாலடி நகர்ந்து பின்னால் இலைகள் வரும்படி நிற்க முடிந்தால் அதற்கு ஈடு எந்தக் காம்பன்சேஷனும் இல்லை. அதே மந்தி சட்டத்தை நிறைத்தால் குறை நேர்மாறு: கறுப்பைச் சாம்பலாக்க மீட்டர் ஏற்றிவிடும், −0.3 முதல் −0.7 வரை இறக்குங்கள்.

சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்குக்கு முகம் கறுப்பு, சுற்றிலும் வெள்ளிப் பிடரி. இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடிப்பது சிரமம். பிடரியைக் காப்பாற்றுங்கள். வெளுத்த இடத்தைத் திரையில் மினுக்கிக் காட்டும் வெளுப்பு எச்சரிக்கையை இயக்கிவைத்து, பிடரி மினுக்காத அளவுக்கு இறக்கி ரா கோப்பில் எடுத்து, முகத்தை அப்புறம் எடிட்டிங்கில் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், தூக்குங்கள். வெளுத்த முடி திரும்பி வராது, இருண்ட முகம் வரும். மேகம் மூடிய காலை என்றால் இந்தத் தலைவலியே பாதியாகும். கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லாத படங்களை வைத்துக்கொள்ளாதீர்கள், கறுப்பு முகத்தில் அந்தப் புள்ளிதான் உயிர்.

வால்பாறை புதுத்தோட்டத்தில் இவை சாலையோரம் வரும். சாப்பாட்டைக் காட்டிக் கிட்டே அழைத்து எடுப்பவர்கள் அந்தக் குரங்கைச் சாலைக்கு இழுக்கிறார்கள். சாலைக்குப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது.

வரையாட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பாறையும் புல்லும் ஆட்டின் நிறமும் நடுத்தரம், மீட்டர் சொன்னபடியே போகலாம். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசிகளில் ஒன்பதாவது வளைவுப் பக்கம் அவை வெகு அருகில் நிற்கும். 70-200 போதும், 600 மி.மீ. தூக்கிப் போனால் காதும் கொம்பும்தான் சட்டத்தில் கொள்ளும்.

விலங்கு கூர்மையாக இல்லை

படத்தை 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். முழுப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியது. பின்னணி கூர்மை, விலங்கு மட்டும் கலங்கல் என்றால் ஷட்டர் போதவில்லை. விலங்குக்கு முன்னாலுள்ள இலை கூர்மை என்றால் ஃபோகஸ் புள்ளி இலையைப் பிடித்துவிட்டது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, வெளிச்ச உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் மூன்றாவது தீராது.

மேயும் காட்டெருமைக்கு 1/250, நடக்கும் யானைக்கு 1/500, தாவும் மந்திக்கு 1/1600, பறக்கும் இருவாச்சிக்கு 1/2000. சோலைக்குள் காலை 8 மணிக்கும் இதற்கு ஐ.எஸ்.ஓ. 3200, 6400 தேவைப்படும். பயப்படாமல் ஏற்றுங்கள். குருணை படிந்த படத்தைச் சரிசெய்யலாம், கலங்கிய படத்தைச் செய்ய முடியாது. இலைக்குழப்பத்துக்கு ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். விலங்கின் கண்ணைத் தேடும் வசதி அடர்ந்த புதரில் அடிக்கடி இலையிடம் ஓடிவிடும்.

முதுமலையில் 11 மணிக்கு எடுத்த டெலி படம் எல்லாம் மொத்தமாக மங்கல்

ஃபோகஸ் சரி, ஷட்டர் 1/2000, ஆனாலும் கூர்மையில்லை. தொடர்ந்து பத்துப் படம் எடுத்து அடுத்தடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கொம்பின் ஓரம் ஒவ்வொரு விதமாக நெளிந்தால் அது கானல். மார்ச் மாதத்தில் காய்ந்த தரை சூடாகி, உங்களுக்கும் மானுக்கும் நடுவே உள்ள காற்று கொதிக்கிறது. விலை கூடிய லென்ஸ் வாங்கினாலும் தீராது. காலை 8.30க்குள் முடியுங்கள். வெயில் ஏறிவிட்டால் நெருக்கப் படத்தை விட்டுவிட்டு, 100 மி.மீ.யில் காய்ந்த மூங்கிலும் விலங்கும் சேர்ந்த காட்சியாக எடுங்கள்.

வண்டியே கானல் உண்டாக்குவதும் உண்டு. பானட்டுக்கு மேலாகக் குறிவைத்தால் எஞ்சின் சூடு குறுக்கே வரும். எஞ்சின் ஓடினால் அதிர்வும் சேரும். அணைத்துவிட்டு, பீன் பேக்கைக் கதவின் மேல் வைத்து எடுங்கள். இதெல்லாம் அனுமதி பெற்ற சஃபாரி வண்டிக்குத்தான். புலிகள் காப்பகத்துக்குள் போகும் பொதுச்சாலையில் வண்டியை நிறுத்தவோ இறங்கவோ கூடாது. விலை மலிவான பாதுகாப்பு ஃபில்டர் டெலி லென்ஸில் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான்.

தூரத்து மலைகள் கரைந்துவிட்டன, வானம் ஒரு பக்கம் கருத்துவிட்டது

முதல் குறைக்குப் போலரைசர் உதவும், சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும். இரண்டாவது குறையை உண்டாக்குவதும் அதே போலரைசர்தான்: 16 முதல் 24 மி.மீ. லென்ஸ் வானத்தின் பெரும்பகுதியைப் பார்ப்பதால் ஒரு பட்டை மட்டும் கருக்கும். அங்கே கழற்றிவிடுங்கள், அல்லது 35 மி.மீ.க்கு மேல் போங்கள். கோடைப் புகைமூட்டத்தை எந்த ஃபில்டரும் விலக்காது. அதை எதிர்க்காமல், கோடநாடு காட்சிமுனையில் விடியலில் 200 மி.மீ. லென்ஸோடு நின்று, மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள மலை வரிசைகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிழலடுக்காக எடுங்கள். தெளிவான தூரக்காட்சி வேண்டுமென்றால் நாள் முழுக்க மழை பெய்து விட்ட மறுநாள் காலை.

எதிர் வெயிலில் வானம் வெளுத்துப் பள்ளத்தாக்கு இருண்டால் −2, 0, +2 என்று மூன்று படம் ட்ரைபாடில் எடுத்து இணையுங்கள்.

ட்ரைபாடில் வைத்தும் ஆடியிருந்தால்: நடுத்தண்டை ஏற்றாதீர்கள், சரிவில் இரண்டு கால் கீழ்ப்பக்கம், ஒன்று மேல்பக்கம். கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட வேண்டும், காற்றில் ஊசலாடும் பை ஆட்டத்தைக் கூட்டும்.

பூவின் நிறம் வேறாக வருகிறது

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். மூணாறில் 2018ல் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்தது 2030. சரிவு முழுக்க ஒரே ஊதா இருந்தால் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதைச் சமன்செய்யப் போய் வெளிறிய நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஆக்கிவிடும். சாம்பல் அட்டை ஒன்றை அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அதை வைத்து நிறுத்துங்கள். சோலையோர ரோடோடென்ட்ரானின் சிவப்பில் இதழ்க்கோடே இல்லாமல் வழித்த மாதிரி இருந்தால், பொது ஹிஸ்டோகிராம் சரியாக இருந்தும் சிவப்பு மட்டும் நிரம்பிவிட்டது. மூன்று நிற ஹிஸ்டோகிராமை இயக்கி, −0.7 இறக்குங்கள்.

மின்னல் விழவே இல்லை

ஏப்ரல், மே மாலைகளில் ட்ரைபாட், எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, இருட்டிய பிறகு 10 முதல் 20 நொடி, மேனுவல் ஃபோகஸ், படம் படமாகத் தொடர்ந்து. மின்னலைப் பார்த்து அழுத்தினால் எப்போதும் தாமதம்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் ட்ரைபாடை விட்டுவிட்டுக் காருக்குள் போங்கள். திறந்த புல்மேட்டில் அந்த இடத்தின் உயரமான பொருள் நீங்கள்தான்.

விலங்கு எல்லாப் படத்திலும் உங்களையே முறைக்கிறது

இதுவும் பிழைதான், தூரப் பிழை. குன்னூர், கோத்தகிரித் தோட்டங்களில் காட்டெருமை வீட்டு மாடு போலவே நிற்கும், அதனால் கிட்டப் போகிறார்கள். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நில்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாலோ தலையைத் தாழ்த்தி மூச்சைச் சீறினாலோ பின்வாங்குங்கள், முதுகைத் திருப்பாமல். 30 மீட்டருக்குக் குறையவே வேண்டாம். யானை காதை விரித்து அசையாமல் நின்றால் படப்பிடிப்பு அன்றைக்கு முடிந்தது. ஃபிளாஷ், பறவைக்குரலை ஒலிபரப்புவது, அனுமதியில்லாத டிரோன், மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

வால்பாறையில் பெரிய இருவாச்சியின் கூடு கண்டவர்களுக்கு வரும் குறை இது: ‘ஒரு மணி நேரமாக ஆண் பறவை பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கூட்டுக்கு வரவில்லை.’ கோடைக்கு முந்தைய மாதங்களில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாயிலை அடைத்துக்கொள்ளும், அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். அவளுக்கும் குஞ்சுக்கும் சாப்பாடு ஆண் கொண்டுவருவதுதான். தொண்டை நிறைய அத்திப்பழத்தோடு அது காத்திருக்கிறது என்றால், கூட்டுக்கும் அதற்கும் நடுவே நீங்கள் நிற்கிறீர்கள். லென்ஸை மாற்றிப் பயனில்லை. மடக்கிக்கொண்டு, பொந்து கண்ணுக்கு மறையும் தூரம் வரை நடந்துவிடுங்கள். அன்றைக்குத் திரும்பிப் போக வேண்டாம்.